ஆட்காட்டி காரணம் சொல்வதை விட்ட கதை

அந்தக் காலத்தில், பறவையும் விலங்கும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு கண்மாய்க் கரையில் செங்கண்ணி என்ற ஆட்காட்டிப் பறவை இருந்தாள். அவளைப்போல வாக்கியம் அமைத்துப் பேச அந்தப் பக்கத்தில் ஆளில்லை. எங்கே 'வந்தால்', எங்கே 'வந்ததால்' என்று யாருக்குச் சந்தேகம் வந்தாலும் அவளிடம்தான் ஓடிவருவார்கள்.

"அக்கா, 'மழை பெய்ததால்' என்று சொல்லி நிறுத்திக்கொள்ளலாமா?" என்று முயல் கேட்டான்.

"கூடாதப்பா. மழை பெய்ததால் என்ன ஆயிற்று? கண்மாய் நிறைந்ததா, உன் வளை இடிந்ததா? அதைச் சொன்னால்தான் பேச்சு முடியும். அதுவரை கேட்கிறவன் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்."

செங்கண்ணியின் தோழி சருகி என்ற கௌதாரி. சருகிக்கும் அவள் கணவன் புள்ளியனுக்கும் பொறுமை கொஞ்சம் குறைவு. ஒருநாள் செங்கண்ணி "நரி வந்தால்" என்று தொடங்கியதுமே இருவரும் புதருக்குள் பாய்ந்துவிட்டார்கள். அவள் சொல்ல வந்தது, "நரி வந்தால் நான் சொல்கிறேன், நீங்கள் நிம்மதியாக மேயுங்கள்" என்பதுதான். கரையே சிரித்தது. புள்ளியன் முள் குத்திய காலோடு நொண்டிக்கொண்டு வெளியே வந்தான்.

"பாதிப் பேச்சைக் கேட்டு ஓடினால் இப்படித்தான். வினைச்சொல் வரும்வரை நின்று கேட்கப் பழகுங்கள்" என்றாள் செங்கண்ணி.

புள்ளியனுக்கு வெட்கமாகிவிட்டது. "இனிமேல் முழுதும் கேட்காமல் நகரமாட்டேன், அக்கா" என்றான். சொன்னபடியே நடந்தும் வந்தான்.

அறுவடை முடிந்த வயலில் எல்லோரும் தானியம் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். வரப்பில் காவல் நின்ற செங்கண்ணியின் கண்ணில், வலையோடு குனிந்து வருகிற ஒருவன் பட்டான். உடனே குரல் கொடுத்தாள்.

"பனைமரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து தோளில் வலையோடு ஒருவன் பதுங்கிப் பதுங்கி வருவதாலும், அவன் கால் வைக்கிற விதத்தைப் பார்த்தால் வழிப்போக்கனாகத் தெரியாததாலும், வயலில் மேய்கிறவர்கள் அத்தனை பேரும்..."

சருகியின் கால்கள் துடித்தன. "போய்விடலாமா?" என்றாள்.

"இரு, அக்கா முடிக்கட்டும்" என்றான் புள்ளியன்.

"...ஓடிவிடுங்கள்!" என்று செங்கண்ணி முடித்தபோது வலை விழுந்துவிட்டது. மற்றவர்கள் சிதறித் தப்பினார்கள். சருகி மயிரிழையில் தப்பினாள். புள்ளியன் வலைக்குள் இருந்தான்.

மூன்று நாள் செங்கண்ணி இரை எடுக்கவில்லை. நான்காம் நாள் சருகி இருந்த புதரடிக்குப் போய், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள்.

"என்னைத் திட்டிவிடு, சருகி."

சருகி மெல்லச் சொன்னாள்: "எதற்காகத் திட்டுவது? நீ சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை, அக்கா. 'ஓடு' என்கிற சொல்தான் கடைசியில் இருந்தது. அதை மட்டும் சொல்லியிருந்தால் போதும். ஏன், எதற்கு என்பதையெல்லாம், உயிரோடு இருந்தால் பிறகு கேட்டுக்கொள்ள மாட்டோமா?"

செங்கண்ணி பதில் சொல்ல வாய் திறந்தாள். 'நான் அப்படிப் பேசியதால்' என்று தொடங்கப் போனவள், அங்கேயே நிறுத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியமும் வரவில்லை.

மறுநாள் தூரத்தில் ஒரு தலை தெரிந்ததுமே அவள் வானத்தில் எழும்பி, "ஆள்! ஆள்! ஆள்!" என்று கண்மாயே அதிரக் கத்தினாள். சருகி அடுத்த சொல்லுக்குக் காத்திருக்கவில்லை. வந்தவள் விறகு பொறுக்க வந்த ஒரு பெண்தான். ஆனாலும் இந்தமுறை கரையில் யாரும் சிரிக்கவில்லை.

அன்று முதல்தான், கரையில் யார் தலை தெரிந்தாலும் ஆட்காட்டி நல்லவரா கெட்டவரா என்று பாராமல் கத்தித் தீர்க்கிறது; அதன் குரல் காதில் விழுந்த கணமே, ஏனென்று கேளாமல், கௌதாரி புதரைப் பார்த்து ஓடுகிறது.