மேலாளரின் இரண்டு பதவி

முதியோர் இல்லங்களில் இருப்பவர்களின் விவரங்களைக் கணினியில் சேர்க்கும் அலுவலகம் ஒன்றில் அமலோற்பவம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தாள். பேச்சுத் துணைக்குக்கூட அங்கே ஆளில்லை.

ஒருநாள் மேலாளர் ராஜரத்தினத்திடம் போனாள். "சார், இல்லங்கள்ல இருந்து வர்ற ஜேசன் கோப்புல சில பேருக்கு 'மகன் போன்'னு ரெண்டு தடவை இருக்கு. நம்ம எஸ்.க்யூ.எல். டேட்டாபேஸ் கடைசியா வந்ததை மட்டும் வெச்சுக்குது. அது காலியா இருக்கு. பாவம், பெத்தவங்களால பிள்ளைங்ககிட்ட பேச முடியல."

"நானே டேட்டாபேஸ்ல தேடிட்டேன்மா, எல்லாருக்கும் ஒண்ணுதான் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள அதுலயே ரெண்டைக் காட்டு. இல்லேன்னா மூட்டையைக் கட்டு!"

அழிந்துபோனதை எப்படிக் காட்டுவது? கடவுளை நினைத்துக்கொண்டு, டேட்டாபேஸின் சோதனைப் பிரதியில் போட்டுப் பார்க்க மேலாளருடைய ஊழியர் பதிவையே எடுத்தாள். 'பதவி: மேலாளர்' என்பதற்குக் கீழே 'பதவி: காவலாளி' என்று இன்னொன்றும் எழுதி உள்ளே அனுப்பினாள்.

சாயங்காலம் எல்லார் முன்னாலும் திரையைப் பார்த்தவர் குதித்தார். "யாரு என்னைக் காவலாளி ஆக்கினது? மேலாளர் எங்கே போச்சு?"

"நல்லா தேடுங்க சார். உங்களுக்கும் ஒண்ணுதானே இருக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். "சரிம்மா, இனிமே பதிவு உள்ளே போறதுக்கு முன்னாடியே ரெண்டு இருக்கான்னு பார்த்துடு," என்றார் அவர், குரல் இறங்கி.

இல்லங்கள் அனுப்பியிருந்த கோப்புகளிலிருந்து பழைய எண்கள் திரும்பி வந்தன. சரிபார்க்க, ஒரு பாட்டியுடைய மகனின் எண்ணை முதலில் அவளே அழைத்து, முதியோர் இல்லத்து விஷயமாக என்றாள்.

"அம்மாவா?" என்றது மறுமுனை.

இல்லை என்று சொல்ல அவளுக்கு உடனே வாய் வரவில்லை.