மீதிப் பதினோரு வீடு

குன்னூரில் தணிகாசலம் என்று ஒருவர். முப்பது வருஷம் தேயிலை ஃபேக்டரியில் இலை வாட்டும் கொட்டகையில் வேலை. காற்றில் எத்தனை ஈரம் என்று மீட்டரைப் பார்த்து, ஃபேனைப் போடுவதும் அணைப்பதும்தான் பிழைப்பு. ஃபேக்டரியை மூடிவிட்டார்கள். ஐம்பத்து நாலு வயசில் வீட்டு வயரிங் கற்றுக்கொள்ள எலெக்ட்ரீஷியன் ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தார்.

ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு. தொழில் சொல்லிக் கொடுப்பவள் என்று அவர் அவளை 'அக்கா' என்பார். வயசில் பெரியவர் என்று அவள் அவரை 'அண்ணா' என்பாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருவரும் வேலையைப் பார்த்தார்கள்.

பாத்ரூமில் ஈரம் ஏறினால் தானாக ஓடி, இறங்கினால் தானாக நிற்கும் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டுவதில் மனுஷர் கெட்டிக்காரராகிவிட்டார். ஈரம்தான் அவருக்குத் தண்ணி பட்ட பாடாயிற்றே! ஒரே மழைக்காலத்தில் பன்னிரண்டு வீட்டில் அவரே தனியாகப் போய் மாட்டினார்.

அதில் ஒரு வீட்டில், வெள்ளிக்கிழமை காலை, எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போன வசந்தகுமாரி வெளியே வரவில்லை. கேஸ் கீசரின் விஷப்புகை. கதவை உடைத்தபோது உயிர் போயிருந்தது. ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக தணிகாசலம் ஜெசிந்தாவின் கடை வாசலில் வந்து நின்றார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"அக்கா, சென்சார் சரியாத்தானுங்க வேலை செஞ்சிருக்குது. ஃபேன் ஓடிட்டுத்தான் இருந்துச்சு. இதுல நான் பண்ணுன தப்பு என்னங்க?"

"சென்சாரை எத்தனை ஈரத்துல வச்சிருந்தீங்க?"

"முதல்ல எழுபதுங்க. மழைக்காலத்துல நம்மூர்ல எழுபது எப்பவும்தான் இருக்குது. ஃபேன் நிக்கவே இல்லை. சத்தம் தாங்கலைன்னு அந்தம்மாதான் கூப்பிட்டாங்க. தொண்ணூத்தஞ்சுல வச்சேன்."

"தொண்ணூத்தஞ்சு ஆனதும் ஓடியிருக்குது."

"ஆமாங்க."

"ஆகறதுக்கு முன்னாடி?"

"நின்னுட்டுத்தானுங்க இருந்திருக்கும்."

"பாத்ரூம் வென்டிலேட்டர் ஜன்னல் திறந்துதானே இருந்துச்சு?"



"குளிர் அடிக்குதுன்னாங்க. ஃபேன்தான் தானா பார்த்துக்குமேன்னு... பலகை வச்சு அடைச்சுக் குடுத்தனுங்க."

ஜெசிந்தா திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். வருகிறவர்களுக்கு ஓட்டிக் காட்ட, கடையில் ஒரு பலகையில் சின்ன ஃபேனும் சென்சாரும் பொருத்தி வைத்திருந்தாள். அதை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"ஊதுங்க."

சென்சார் மேல் ஊதினார். வாயின் ஈரம் பட்டதும் ஃபேன் ஓடியது.

"இப்ப மூச்சைப் பிடிச்சுக்கங்க. நான் சொல்ற வரைக்கும் விடாதீங்க."

பிடித்துக்கொண்டார். முகம் சிவந்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஃபேன் கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு நின்றுவிட்டது. அவர் அவளையே பார்த்தார். அவள் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தாங்க முடியாமல் வாயைத் திறந்து காற்றை அள்ளி அள்ளிக் குடித்தார்.

"ஏனுங்கண்ணா, அது ஏன் நின்னுச்சு?"

"காத்து... காஞ்சிருச்சுங்க."

"நீங்க மூச்சு விடாம இருந்தது அதுக்குத் தெரிஞ்சுதா?"

"இல்லீங்க."

"ஃபேக்டரியில எதுக்கு மீட்டர் வச்சிருந்தீங்க?"

"இலைக்குங்க."

"இலைக்கு மூச்சு முட்டாதுண்ணா."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார் தணிகாசலம். பாவம், அத்தனை வயசுக்கு மனுஷர் குலுங்கிக் குலுங்கி அழுதார். சத்தம் ஜாஸ்தி என்று கூப்பிட்ட அந்தம்மாவின் குரல் அவர் காதை விட்டுப் போகவே இல்லை. வேலையை முடித்துக் கிளம்பும்போது, "இப்பத்தான் வீடு நிம்மதியா இருக்குது" என்று காப்பி கொடுத்திருந்தாள்.

"நான்தான் கொன்னுட்டனா? வாயைத் திறந்து சொல்லிப் போடுங்கக்கா. இல்லாட்டி எனக்குப் பைத்தியம் பிடிச்சுரும்."

ஜெசிந்தா எழுந்து சுத்தியலையும் உளியையும் பையில் போட்டாள்.

"எத்தனை வீட்டுல இந்த மாதிரி அடைச்சிருக்கீங்க?"

"நான் மாட்டுன பன்னெண்டு வீட்லயுமுங்க. எல்லாம் கேஸ் கீசர் வீடுங்க."

"மீதி?"

"பதினொண்ணு."

"நேத்து வெள்ளி. பொம்பளைங்க எண்ணெய் வச்சுக் குளிச்சாங்க. இன்னிக்கு என்ன கிழமை?"

"சனி..."

சுவரில் கடிகாரம் ஆறே முக்கால் காட்டியது. பதினோரு வீட்டிலும் ஆம்பிளைகள் தலையில் எண்ணெயோடு உட்கார்ந்திருக்கிற நேரம்.

"அக்கா, நான் கேட்டதுக்கு..."

அவள் ஏணியைத் தோளில் ஏற்றினாள்.

"அதை அப்புறம் கேளுங்கண்ணா. இப்பப் போனை எடுங்க. கீசரைத் தொடாதீங்கன்னு ஒவ்வொரு வீடாச் சொல்லிட்டே என் பின்னாடி வாங்க. அழுகை வந்தா, அழுதுட்டே சொல்லுங்க."