ராஜா நுழைந்து பார்த்த சுரங்கம்

கொன்றையூர் ராஜா மாணிக்க பூபதி இருக்காரே, அவர் சபைக்கு வந்தால் வயிறு முதலில் வரும், ராஜா பின்னால் வருவார். இதை அரண்மனையில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. போன வருஷம் ஒரு சமையல்காரன் சொன்னான். அவன் இப்போது ஊரிலேயே இல்லை.

பத்து நாளில் எதிரி படையெடுத்து வருகிறான் என்று சேதி. ராஜா தப்பிக்க ஒரு ரகசியச் சுரங்கம் வெட்டினார் தலைமைச் சிற்பி தண்டபாணி. ஆள் ஈர்க்குச்சி. இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்து, "பார்த்தீர்களா, ஒரு பழுதும் இல்லை!" என்று மீசையை முறுக்கினார்.

ராஜா அவை விகடர் வெண்காடரைக் கூப்பிட்டார். "நீர் சோதித்து முத்திரை வையும். பிறகு ஏதாவது கோளாறு என்றால் உம் தலைதான் போகும்."

வெண்காடர் சுரங்க வாசலைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார். முத்திரை வைத்தால் பத்து நாளில் தலை போகும். வைக்காத காரணத்தைச் சொன்னால் இப்பவே போகும். அட கடவுளே!

"சிற்பியாரே, இது யார் தப்பிக்க வெட்டினது?"

"இதென்ன கேள்வி? மகாராஜா தப்பிக்கத்தான்."

"அப்போ நான் போய்ப் பார்த்து என்ன பிரயோசனம்? வெண்காடன் தப்பிப்பான் என்றுதான் முத்திரை வைக்கலாம். மகாராஜா தப்பிப்பார் என்று வைக்க, மகாராஜாதானே போகணும்?"

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. குனிந்து நுழைந்தார். நாலு முழம் போனார். அவ்வளவுதான், இறுகிக்கொண்டது. முன்னேயும் போக முடியவில்லை, பின்னேயும் வர முடியவில்லை.

தண்டபாணி பதறினார். "நான் போனபோது சரியாத்தானே இருந்தது! கோளாறு சுரங்கத்தில் இல்லை, போகிறவரிடம்..."

"என்னடா சொன்னாய்?" உள்ளிருந்து ராஜா உறுமினார். சிற்பி வாயைப் பொத்திக்கொண்டார். "வெண்காடரே, முத்திரையை வைத்துத் தொலைத்துவிடாதீர்!" என்று ராஜா உள்ளிருந்தே கத்தினார்.

"ஒரு விஷயத்துக்குத் தாராளமாக வைக்கலாம் அரசே. இனி எதிரி ஒருத்தன்கூட இந்த வழியாக உள்ளே வர முடியாது."

உள்ளே ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள், மண் பொலபொலவென்று உதிர்ந்தது. சிரித்த குலுக்கலில் பிடி தளர, காவலர்கள் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள்.

ராஜா தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "தண்டபாணி, வழியை அகலமாக்கு. எவ்வளவு என்று மட்டும் என்னைக் கேட்காதே!"

வெண்காடருக்குப் பரிசாக ஒரு தாம்பாளம் நிறைய அதிரசம் வந்தது. பழக்க தோஷம், ராஜாவின் கையும் அதில் நீண்டது.

வெண்காடர் தாம்பாளத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "வேண்டாம் அரசே. நீங்கள் இதைச் சாப்பிட்டால் சுரங்கத்தை முதலிலிருந்து சோதிக்கணும்."