ஐயாறனாரின் ஒரு வட்டில் தண்ணீர்

பாண்டி நாட்டுக் கருமடை என்னும் ஊரில் ஐயாறனார் என்றொரு மடைகாவலர் இருந்தார். கண்மாய் மடையைத் திறந்து அடைப்பது அவர் தொழில். அடியில் துளையிட்ட செப்பு வட்டிலைத் தண்ணீர்ப் பானையில் மிதக்க விடுவார். அது நிறைந்து மூழ்கும்வரை ஒரு வீட்டாரின் முறை. நிலத்தைப் போல முறைநீரும் சொத்துதான், விற்கலாம், வாங்கலாம். கூலியாக ஐயாறனாருக்கும் நாளுக்கு ஒரு வட்டில் நேரத் தண்ணீர் உண்டு. அதில் முதற்குடத்தை ஊர் ஈசனுக்கு ஊற்றும்வரை அவர் பல்லில் பச்சைத் தண்ணீர் படாது.

மூன்றாம் ஆண்டும் மழை பொய்த்தது. பெருநிலக்காரர் மாறனார் தம் வெற்றிலைக் கொடிக்காலைக் காக்க, ஒவ்வொரு வீட்டு முறையையும் விலைக்கு வாங்கினார். பயிரே போயிற்று, முறை எதற்கு என்று ஊரார் நெல்லுக்கு விற்றுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்கள். தங்கள் வயல்களின் கடைசித் தண்ணீர் வடிந்துதான் குடிநீர் ஊருணி நிறைகிறது என்பதை அந்தப் புத்திசாலிகளில் ஒருவரும் நினைக்கவில்லை. ஊருணி வறண்டு வெடித்த பிறகு சபையில் போய் அழுதார்கள். "வித்தது வித்ததுதான்" என்றது சபை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

விலைபோகாமல் இருந்தது ஐயாறனாரின் ஒரு வட்டில் மட்டுமே. மடை வற்றியதால் அதில் ஒரு குடம்தான் தேறியது. அதையும் மாறனார் கேட்டார்.

"சாமிக்குச் சொன்ன தண்ணிங்க. அதுக்கு விலை சொல்ல நான் யாரு?" என்றார் ஐயாறனார்.

கல்லுக்குத் தாகம் எடுக்குமா என்று ஊர் சிரித்தது. அபிஷேகம் செய்து வடிவதில் ஏந்திய தீர்த்தமே அவருக்கும் மனைவி பொன்னாத்தாளுக்கும் குடிநீர்.

ஒருநாள் காய்ச்சலில் கிடந்த அம்மையார், குடத்தோடு கிளம்பியவரிடம், "ஒரு வாய் ஊத்திட்டுப் போங்களேன்" என்றார்.

"சாமிக்கு ஊத்திட்டு ஓடியாந்திடறேன். செத்த பொறுத்துக்க, பொன்னாத்தா."

அவர் திரும்பியபோது அம்மையாரின் வாய் திறந்திருந்தது, உயிர் இல்லை. ஏந்தி வந்த தீர்த்தத்தை அந்த வாயில் ஊற்றினார். அது வழிந்து பாயை நனைத்தது.

மறுநாளும் குடத்தைத் தூக்கினார். வேறென்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வழியில் பக்கத்து வீட்டுப் பூவாயி கைப்பிள்ளையோடு சுவரில் சாய்ந்திருந்தாள்.

"பிள்ளைக்குப் பால் வத்திப்போச்சுண்ணே. பொண்டாட்டிக்கே குடுக்காதவரு, எனக்கா குடுக்கப் போறீரு?"

கேலி செய்யக்கூட அவளிடம் தெம்பில்லை. ஐயாறனார் நெடுநேரம் நின்றார். பிறகு குடத்தை அவள் மடியில் வைத்துவிட்டு, வெறுங்கையோடு கோயிலுக்கு நடந்தார். மனைவியும் போனாள், விரதமும் போயிற்று. கருவறைப் படியில் தலையை மோதிச் சாவதென்று போனார்.

உள்ளே ஈசன் திருமேனியில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயாறா, இன்றுதான் எம் தாகம் தீர்ந்தது" என்று ஒரு குரல் எழுந்தது.

"அப்போ நேத்து, சாமி?"

குரல் மறுபடி வந்தது: "நேற்றுக் கேட்டதும் யாமே. அவள் இப்போது எம்மோடு இருக்கிறாள். இனி அவளுக்குத் தாகமில்லை."

அவர் அழுத அழுகையைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மழை மறுநாள் வந்துவிடவில்லை. அடுத்த ஆண்டுதான் வந்தது. அதுவரை தம் குடத்தைத் தவித்த வாய்களுக்கு வார்த்துவிட்டு வெறுங்கையோடுதான் சந்நிதிக்குப் போனார். திருமேனி ஒருநாளும் உலரவில்லை. இழந்த பிறகே அறிந்தார். அறிந்ததைச் சாகும்வரை விடவில்லை. அந்த அடியார் பாதம் நம் தலைமேல் இருக்கட்டும்.