வடக்குக் கணவாய்

முற்றுகையின் நாற்பதாம் நாள் ஒற்றன் மல்லன் பிடிபட்டான்.

கோட்டையின் ஒற்றர் தலைவர் காரி நக்கனார். அவரிடம் எட்டு ஆண்டுகளாகத் தொழில் கற்று வந்தவள் பூதி. 'துணைப்படை வடக்குக் கணவாய் வழியே வரட்டும்' என்ற சேதியை அவர் சொல்ல, மல்லனிடம் சொல்லி அனுப்பியவள் அவள்தான். ஓலை கிடையாது, வாய்ச்சேதி. ஆற்றைத் தாண்டுவதற்குள் பகைவர் அவனை வளைத்துக்கொண்டதை இருவரும் மதில்மேலிருந்து பார்த்தார்கள்.

"சொல்லிவிடுவானா, ஐயா?"

நக்கனார் பகைவரின் பாசறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பகைவரின் கூடாரங்கள் அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை.

"இன்னும் வாயைத் திறக்கவில்லை, ஐயா," என்றாள் பூதி. "சொல்லியிருந்தால் இந்நேரம் வடக்கே கிளம்பியிருப்பார்கள்."

அவர் இரண்டு நாளாக ஒரு கவளம் உண்ணவில்லை. மதிலை விட்டு இறங்கவும் இல்லை. அவரும் அவனுக்காகத்தான் பதறுகிறார் என்று அவள் நினைத்தாள்.

மூன்றாம் நாள் நண்பகலில் கூடாரங்கள் பிரிக்கப்பட்டன. பகைப்படையில் பெரும்பகுதி வடக்கே திரும்பியது.

பூதி தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "போச்சு, ஐயா. எல்லாம் போச்சு."

நக்கனார் தண்ணீர் கேட்டு வாங்கி, ஒரே மூச்சில் குடித்தார்.

மறுநாள் காலை துணைப்படை, மிஞ்சியிருந்த பகைவரை விரட்டிவிட்டு, நெல் வண்டிகளோடு தெற்கு வாசலில் நுழைந்தது. ஊரே ஆர்ப்பரித்தது. பூதி மட்டும் வடக்குக் கணவாயைத் திரும்பிப் பார்த்தாள்.

பகைவர் விட்டுப்போன பாசறையில் மல்லன் உயிரோடு கிடந்தான். விரல்களில் நகம் இல்லை. அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சொல்லிவிட்டேன், அக்கா. என்னைப் பார்க்காதீர்கள்."

"கோட்டை பிழைத்துவிட்டது, மல்லா."

"என்னால் இல்லையே."

பூதி நேரே நக்கனாரிடம் வந்தாள்.

"எனக்கும் பொய்தான் சொன்னீர்கள்."

"நீ நம்பினால்தான் அவன் நம்புவான்."

"அது போகட்டும். அவன் சோற்றைத் தொட மறுக்கிறான். அவன் வாய் திறந்ததால்தான் நாம் பிழைத்தோம் என்று சொல்லிவிடுகிறேன், ஐயா."

"சொல். பத்து ஒற்றர்களில் என்னை ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்பான்."

"கேட்டால்?"

நக்கனார் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு நாள்கூடத் தாங்க மாட்டான் என்று நான் நினைத்தது அவன் ஒருவனைத்தான், பூதி."