கேட்காமல் ஊற்றிய பாயசம்

ராஜாவுக்குத் தலைவலி வந்தால் ஊருக்கே கஷாயம் காய்ச்சிக் கொடுக்கிற காலம் அது. காஞ்சிரங்கோட்டையை ஆண்ட மகிபால ராயருக்கு அன்றைக்குத் தலைவலி. காரணம் மருதையன்.

மருதையன் அரண்மனை விருந்து மணியக்காரன். ராயர் வீட்டு விருந்தெல்லாம் அவன் பொறுப்பு. கெட்டிக்காரன்தான், ஆனால் வாயைத் திறந்தால் கேள்வி. "சோறு குழையணுமா, பருக்கையா நிக்கணுமா? வர்றவருக்குப் புளிப்பு ஆகுமா? இஞ்சியைச் சீவணுமா, தட்டிப் போடணுமா?" எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் அடுப்பையே மூட்டச் சொல்வான். அதனால் ஒரு குறை வந்ததில்லை. ஆனால் குறை வராததை யார் கவனிக்கிறார்கள்? அவன் தலையைக் கண்டதும் சமையல்காரர்கள் அண்டாவுக்குப் பின்னால் குனிந்துகொண்டார்கள்.

அது அவனுக்கும் தெரியும். மனசு நோகும். "நான் எல்லாருக்கும் இம்சையா இருக்கேனா?" என்று மனைவி செண்பகவல்லியிடம் கேட்டான். பொழுது விடிந்ததிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தான்.

"தாலி கட்டும்போதே, 'முடிச்சை இறுக்கவா, தளர்த்தவா'ன்னு என்னைக் கேட்ட மனுஷன் நீங்க. நான் அன்னிக்கே பழகிட்டேன்," என்றாள் அவள்.

அமைச்சர் சிங்காரவேலர் பழகவில்லை. பழகுவதாகவும் இல்லை. அவருடைய மைத்துனன் வேலைவெட்டி இல்லாமல் அவர் வீட்டிலேயே தின்றுகொண்டிருந்தான். அவனை அரண்மனைச் சமையற்கட்டுக்கு மாற்றிவிட்டால் தின்கிற செலவாவது ராயர் தலையில் விழும் என்பது அமைச்சரின் ராஜதந்திரம்.

"மகாராஜா, கேள்வி கேட்கிறவன் தங்கள் கட்டளையைச் சந்தேகப்படுகிறான்," என்று அவர் ராயரின் தலைவலியில் எண்ணெய் ஊற்றினார்.

ராயருக்கு அது சுருக்கென்று தைத்தது. "இனி இந்த அரண்மனைக்குள்ளே யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டவனைக் கழுதைமேல் ஏற்றிக் கோட்டைக்கு வெளியே விட்டுவிடுங்கள்!"

"யாராயிருந்தாலுமா, மகாராஜா?" என்றார் அமைச்சர் குழைந்துகொண்டே.

"நானே ஆனாலும்! சட்டம் நாளைக் காலையிலிருந்து," என்றார் ராயர். எல்லாம் தெரிந்தவருக்குக் கேள்வி எங்கிருந்து வரப்போகிறது என்ற தைரியம்.

மருதையன் கணக்குப் போட்டுப் பார்த்தான். வாய் தவறி ஒரு கேள்வி வந்தால் வேலை போகும், வீடு போகும், போகிற வாகனமோ கழுதை. அமைச்சர் மறுநாளே வாசலில் ஒரு கழுதையைக் கட்டிவைத்துவிட்டார். அரண்மனையில் அவ்வளவு சுறுசுறுப்பாக நடந்த காரியம் வேறொன்றும் இல்லை.

அந்த வாரமே ராயரின் மாமனார் வல்லபராயர் வருவதாகச் செய்தி வந்தது. "தடபுடலாக விருந்து வை," என்றார் ராயர். மருதையனின் தொண்டைவரை கேள்விகள் வந்து முட்டின. விழுங்கினான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அப்புறம் என்ன தோன்றியதோ, அவன் முகம் தெளிந்தது. பரிமாறுகிறவர்களைக் கூப்பிட்டான்.

"சட்டம் உங்களுக்கே தெரியும், பந்தியில யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. இலை காலியானா ஊத்துங்க. அவ்வளவுதான்."

ராயர் வம்சத்தில் இலை முன்னால் உட்கார்ந்தால் பேசக் கூடாது. கொள்ளுத்தாத்தா ஒருவர் பேசிக்கொண்டே தின்று புரையேறிச் சிவலோகம் போனதிலிருந்து அந்த வழக்கம். பரிமாறுகிறவன் "போதுமா?" என்று கேட்பான், ராயர் தலையை ஆட்டுவார். மாமனாருக்கு வைக்கிற விருந்தில் கையால் இலையை மறைப்பதோ, மிச்சம் வைப்பதோ, விருந்தாளிக்கு முன்னால் இலையை மடிப்பதோ மரியாதையில்லை.

பந்தி தொடங்கியது. மருதையன் வாயிலிருந்து ஒரு கேள்வி விழாதா என்று அமைச்சர் தூணோரம் காத்து நின்றார்.

பாயசம் வந்தது. ராயர் ருசித்துச் சாப்பிட்டார். மறுபடி ஊற்றினார்கள். மரியாதைக்குச் சாப்பிட்டார். மறுபடி ஊற்றினார்கள். ராயர் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார்.

"மகாராஜா பிரமாதம்னு தலையாட்டுறார். ஊத்துங்க," என்றான் மருதையன்.

பக்கத்தில் வல்லபராயரும் தலையை ஆட்டினார். அவர் நிஜமாகவே ரசித்து ஆட்டினார். இரண்டு தலையும் ஒரே மாதிரிதான் ஆடின. மாமனார் எழுகிற மாதிரி இல்லை. ராயர் இடுப்புக் கச்சையைத் தளர்த்தினார். கண்ணை உருட்டினார். அதற்கும் பாயசம்தான் வந்தது.

கடைசியில் கொள்ளுத்தாத்தாவாவது ஒன்றாவது என்று ராயர் வெடித்தார். "அடேய் மருதையா! போதுமான்னு ஒரு வார்த்தை கேட்டா வாயிலிருந்து முத்தா உதிர்ந்துடும்?"

கரண்டிகள் அப்படியே நின்றன.

மருதையன் கைகட்டி, மிகவும் பணிவாகச் சொன்னான்: "கழுதை வாசலில் தயாராக இருக்கிறது, மகாராஜா."

ராயருக்கு வியர்த்தது. சிங்காரவேலர் தூணை விட்டுப் பாய்ந்து வந்தார். "மடையா! மகாராஜாவையா கழுதையில் ஏற்றுவது? உனக்கென்ன பைத்தியமா?"

"மகாராஜா கேட்டது ஒன்று. அமைச்சர் ஒரே மூச்சில் இரண்டு கேட்டுவிட்டார்," என்றான் மருதையன். "கழுதையோ ஒன்றுதான் இருக்கிறது."

முதலில் சிரித்தது வல்லபராயர். அப்புறம் ராயரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிக்கவும் முடியவில்லை, அவ்வளவு பாயசம்.

"நான் இருக்கிற நிலையில் ஏறினால் கழுதை செத்துப்போகும். உயிர்க்கொலை பாவம்," என்றார் ராயர். "அமைச்சரே, நீர் ஏறும். கோட்டையைச் சுற்றிவிட்டு வாரும், அது போதும். சட்டம் இந்த நிமிஷத்தோடு ரத்து. மருதையா, எனக்குப் புத்தி வந்தது. நீ கேட்கிறது இம்சையில்லையப்பா, கேட்காததுதான் இம்சை. வேண்டிய பரிசைக் கேள்."

மருதையனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "பரிசெல்லாம் வேண்டாம், மகாராஜா. இத்தனை நாளாக அடக்கிவைத்த கேள்வி ஒன்று இருக்கிறது. அதைக் கேட்க உத்தரவு கொடுத்தால் போதும்."

"தாராளமாகக் கேள்."

மருதையன் பாயசக் கரண்டியைக் கையில் எடுத்தான்.

"இன்னும் கொஞ்சம் ஊற்றட்டுமா, மகாராஜா?"