கயிறு பிடிப்பவன்

மலைக்குடியைச் சேர்ந்த பெள்ளன் சுவரில் படம் எழுதினால் வாயும் கூடவே வேலை செய்யும். வேங்கை மரப் பிசினைத் தொட்டு ஒரு மனிதனை வரைந்தாரென்றால் அவன் பெயர், அவன் தோண்டிய கிழங்கு, அவனை விரட்டியவர்கள் எல்லாம் கோடு காய்வதற்குள் வந்துவிடும். அந்த மலைச்சனத்தின் சரித்திரம் பிள்ளைகளுக்கு அப்படித்தான் போய்ச் சேர்ந்தது.

அடிவாரப் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்த குழந்தைசாமி வாத்தியார் அதில் சொக்கிப்போய்ச் சீடராகச் சேர்ந்தார். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் வாத்தியார் வாய்நிறைய "அண்ணா" என்றுதான் கூப்பிடுவார்.

இந்த வருஷம் தேன்பாறைக் கதையை வாத்தியாரே எழுதிச் சொல்ல வேண்டும், மலைப் பிள்ளைகளோடு பள்ளிப் பிள்ளைகளும் வந்து கேட்க வேண்டும் என்று பெள்ளன் சொல்லிவிட்டார். அடிவாரத்தில் இருந்த ஊரைக் கலைத்துச் சனத்தை மேலே விரட்டிய வருஷம், மாதன் என்ற முன்னோர் ஒருவர் கயிற்றில் தொங்கித் தேனெடுத்து எல்லாரையும் பிழைக்க வைத்த கதை அது.

அதற்கு முதல்நாள் ஊரார் முன்னால் ஒத்திகை. வாத்தியார் அருமையாக எழுதினார். மாதன் அந்தரத்தில் தொங்கியபோது பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் பாறை உச்சியில் ஓர் ஆளை வரைந்து, கயிற்றைப் பிடித்திருந்தவன் மாதனின் கூடப்பிறந்த தம்பி என்றார்.

ஊர் கொல்லென்று சிரித்தது.

வாத்தியாருக்கு முகம் செத்துப்போனது. கூட்டம் கலைந்ததும் பெள்ளனிடம் வந்தார்.

"நாளைக்கு நீங்களே சொல்லிருங்கண்ணா."

"ஏன்?"

"என்ன இருந்தாலும் நான் வெளியாளு. உங்க ரத்தமில்ல. உங்க கதையத் தப்பாச் சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கு?"

பெள்ளன் சுவரருகே போய், உச்சியில் நின்ற ஆளை ஈரத்துணியால் துடைத்தெடுத்தார். பிறகு கேட்டார்.

"தம்பின்னு ஏன் சொன்னீங்க?"

"உசிரு விஷயமாச்சே. கூடப்பொறந்தவனத்தான நம்ப முடியும்?"

"தம்பி கைய விட்டா அண்ணன் பங்கும் தம்பிக்குத்தான் வரும். அதனால கூடப்பொறந்தவன் கயித்தத் தொடக் கூடாது. பொண்டாட்டியோட அண்ணன்தான் பிடிக்கணும். விட்டான்னா அழப்போறது அவன் தங்கச்சியில்ல?"

வாத்தியார் அசந்துபோனார். இத்தனை தலைமுறை உயிர்களை இப்படி ஓர் ஏற்பாட்டில் கட்டி வைத்திருக்கிறார்களே என்று அவருக்கு உடம்பு சிலிர்த்தது. அதைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் போனதே என்று இன்னும் கூசினார்.

பெள்ளன் பிசின் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"அந்த ஆள நீங்களே திரும்ப எழுதுங்க. இன்னொண்ணு. இனிமே என்னை அண்ணான்னு கூப்பிட வேண்டாம்."

வாத்தியாருக்குத் திக்கென்றது. தப்புக்கு இதுதான் தண்டனை போலிருக்கிறது என்று தலையைக் குனிந்துகொண்டார்.

"பின்ன எப்படிங்க கூப்பிடறது?"

"மச்சான்னு கூப்பிடுங்க."